கொல்லைப்புறத்துக்கு ராத்திரியில் ஒபோசம் என்கிற காட்டுப் பிராணி வருகிறது. விரட்டுவதா, விட்டுவிடுவதா?

விட்டுவிடுங்கள். நான் டெக்ஸாஸில், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். எங்கள் கொல்லையில் ஓர் அத்தி மரம் உண்டு. கோடையில் பழம் உதிரத் தொடங்கினால் ஒபோசமும் வரத் தொடங்கிவிடும். இங்கே பேச்சில் அதை 'பாசம்' என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல்முறை பார்த்தபோது, "ஐயோ, பெருச்சாளி! இவ்வளவு பெருசா?" என்று கதவைச் சாத்திவிட்டார். பெயரைச் சொன்னதும், "பாசமா? அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பெருச்சாளிக்கும் அதற்கும் உறவே கிடையாது. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பிராணி அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இயற்கையாக வாழும் பைப்பாலூட்டி இது ஒன்றுதான். கர்ப்பம் 12, 13 நாள்தான். பிறக்கிற குட்டி தேனீ அளவுகூட இருந்தால் அதிகம். இரண்டு மாதத்துக்கு மேல் பையில் கிடந்து, அப்புறம் தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றும். ஒருநாள் ராத்திரி எங்கள் வேலி மேல் ஏழு குட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு தாய் மெதுவாக நடந்து போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

கிட்டப் போனால் வாயைப் பிளந்து 50 பல்லையும் காட்டும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் பயப்படுவது அதுதான். பயம் எல்லை மீறினால் அப்படியே சாய்ந்துவிடும். பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை துரத்தியபோது எங்கள் புல்தரையில் வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளி, அழுகல் வாடையோடு கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியை எடுத்து வந்தேன். காது லேசாக அசைந்தது. நாயை உள்ளே கட்டச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தோம். காலையில் ஆளைக் காணோம். அது நடிப்பு இல்லை, மயக்கம் போலத் தானாக வருவது; சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் தொடாமல் இருந்தாலே போதும்.

ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) இதற்கு மிக அரிது. அதன் உடல் சூடு குறைவு என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். கடித்தால் மட்டும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். உண்ணிகளை ஆயிரக்கணக்கில் தின்று தீர்க்கும் என்று பரவலாகச் சொல்வதை நம்பாதீர்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் ஒபோசங்களின் இரைப்பைகளைச் சோதித்துப் பார்த்தபோது உண்ணியே கிடைக்கவில்லை. ஆனால் நத்தை, கரப்பான், உதிர்ந்த பழம், ஏன், காப்பர்ஹெட் பாம்பைக்கூடத் தின்னும். அந்த வகைப் பாம்புகளின் விஷம் அதை அவ்வளவாகப் பாதிக்காது.

ஆனால் அதற்குச் சோறு வைக்காதீர்கள். அதன் மேல் தெள்ளுப்பூச்சி இருக்கும். எங்கள் டெக்ஸாஸில் தெள்ளு வழியாக டைஃபஸ் காய்ச்சல் பரவுவது உண்டு. பூனைத் தீனியைப் பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள், குப்பைத்தொட்டியை இறுக மூடுங்கள். வீட்டில் குதிரை இருந்தால் தீவனத்தில் ஒபோசத்தின் எச்சம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குதிரைக்கு நரம்பு நோய் வரலாம். டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத்தளம்) அடியில் குடியேறினாலும் அவசரப்படாதீர்கள். அது ஓரிடத்தில் நெடுநாள் தங்குகிற பிராணி இல்லை. சந்தில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். சில ராத்திரி கழித்தும் தாள் கலையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அப்புறம் கம்பி வலை அடிக்கலாம். கூண்டு வைத்துப் பிடித்து எங்கோ கொண்டுபோய் விடுவது வேண்டவே வேண்டாம், குட்டிகள் இங்கேயே தங்கிப்போகும்.

இன்னொன்று. சாலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால், பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், வயிற்றுப் பை அசைகிறதா என்று பாருங்கள். தாய் செத்தாலும் குட்டிகள் உயிரோடு இருக்கலாம். காம்பைக் கவ்வியிருக்கிற குட்டியை இழுக்கக் கூடாது, வாய் கிழிந்துவிடும். கையுறை போட்டுத் தாயோடு சேர்த்தே ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, உங்கள் பகுதியில் உரிமம் வாங்கிக் காட்டு விலங்குகளைப் பராமரிப்பவர்களைக் கூப்பிடுங்கள். நீங்களே பால் புகட்ட வேண்டாம்.