வெள்ள இரவில் வீட்டுப் பணம் யார் கைக்கு எட்டும்?

கேள்வி: ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியில் எங்கள் சொந்த வீடு இருக்கிறது. நான், என் மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் தாயார் என ஐந்து பேர் வசிக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, அரை மணி நேரத்துக்குள் வெளியேறும்படி அறிவித்தார்கள். நல்ல வேளையாக வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் அன்று கையில் ரொக்கம் இல்லை. எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஆறு மாதச் செலவுக்கான தொகையை நிரந்தர வைப்பில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் காப்பீடும் எடுத்திருக்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம்?

பதில்: ஆறு மாதச் செலவைச் சேர்த்து வைத்திருப்பது எளிதான காரியம் அல்ல, கடினமான பகுதியை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். ஆனால் "வைத்திருக்கிறேன்", "எடுத்திருக்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது நீங்கள் வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்தால், தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட வேண்டியவர் உங்கள் மனைவி. அந்தப் பணம் அவர் கைக்கு எட்டுமா?

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மனைவிக்குத் தெரிந்திருந்தும், ஓடிபி கணவரின் கைப்பேசிக்கே போயிற்று. அவர் இருந்த இடத்திலோ சிக்னல் இல்லை. கணக்கில் போதிய பணம் இருந்தும் இரண்டு நாள்கள் அவர்கள் உறவினரின் உதவியில்தான் காலம் தள்ளினார்கள். ஆகவே, உங்கள் வைப்புத் தொகையில் ஒரு மாதச் செலவுக்கான பகுதியைப் பிரித்து, இருவரில் எவரும் தனியாக இயக்கக்கூடிய கூட்டுச் சேமிப்புக் கணக்கில் போட்டு, உங்கள் மனைவியின் பெயரில் தனி அட்டையும், அவரது எண்ணுக்கே ஓடிபி வரும் வசதியும் பெற்றுவிடுங்கள். இதனால் சிறிது வட்டி குறையும்; அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ரொக்கத்தைப் பொறுத்தவரை, உங்கள் செலவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று நாள் உணவு, தாயாரின் மருந்து, போக்குவரத்து, இரண்டு இரவு தங்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டினால் வரும் தொகை போதுமானது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்துபோனால் அட்டையும் கைப்பேசிப் பணமும் பயன்படாது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது, ஏடிஎம்களும் அட்டை இயந்திரங்களும் செயலிழந்து, ரொக்கம் இருந்தவர்களால் மட்டுமே பல கடைகளில் பொருள் வாங்க முடிந்தது. சிறு மதிப்புள்ள நோட்டுகளாகவே வையுங்கள். அத்தகைய நாளில் எந்தக் கடைக்காரரிடமும் சில்லறை இருக்காது. இதற்கு மேல் வீட்டில் ரொக்கம் சேர்க்க வேண்டாம், ஏனெனில் வீட்டுக் காப்பீடு ரொக்கத்துக்குப் பெரும்பாலும் மிகக் குறைந்த ஈட்டையே தரும், அல்லது ஈடே தராது.

அந்த ரொக்கத்தை வைக்கும் நீர் புகாத உறையிலேயே அடையாள அட்டைகள், வீட்டுப் பத்திரம், காப்பீட்டு பாலிசி ஆகியவற்றின் நகல்களும், வங்கிக் கணக்கு எண்களும், தாயாரின் மருந்துச் சீட்டும் இருக்கட்டும். முக்கியமான பத்து தொலைபேசி எண்களைப் பேனாவால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் மனைவியின் எண்ணைக்கூட நம்மில் பலரால் நினைவிலிருந்து சொல்ல முடிவதில்லை. மூலப் பத்திரங்களை வெள்ளம் எட்டாத வேறோர் இடத்தில், வங்கிப் பெட்டகத்திலோ நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ, வைப்பது நல்லது.

இனி காப்பீடு. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில், பாலிசியில் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீ விபத்துக்கு ஈடு தரும் பாலிசிகள் எல்லாம் வெள்ளத்துக்கும் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. பல நாடுகளில் வெள்ளத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நடவாது. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் புதிய பாலிசி பொதுவாக 30 நாள்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகிறது.

அடுத்து, காப்பீட்டுத் தொகை. நிலத்தின் விலை இதில் சேராது; கட்டடத்தை இன்று மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு. பிரீமியத்தைக் குறைப்பதற்காகத் தொகையைக் குறைத்துக் காட்டியவர்கள் இழப்பு நேரும்போது திகைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். மீண்டும் கட்ட 100 பங்கு செலவாகும் வீட்டை 50 பங்குக்கு மட்டும் காப்பீடு செய்திருந்து, வெள்ளத்தில் 20 பங்கு சேதம் ஏற்பட்டால், பல பாலிசிகளின் விதிப்படி உங்களுக்குக் கிடைப்பது 20 அல்ல, 10 தான். பாதி மதிப்புக்கே காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதியே ஈடாக வரும். வீடு சரியாகும் வரை வெளியில் தங்கும் வாடகையைப் பாலிசி தருமா என்றும் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆறு மாதச் சேமிப்பை வேகமாகக் கரைக்கக்கூடியது அந்த வாடகைதான்.

இந்த வார இறுதியிலேயே, கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும் காணொளியாக எடுத்துவிடுங்கள். அலமாரிகளைத் திறந்து உள்ளே இருப்பதையும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறமோ உள்பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண், வரிசை எண் தாளையும் எழுத்து தெரியும்படி எடுத்து, இணையச் சேமிப்பிலும் வெளியூர் உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்து வடிந்த பிறகு, துடைக்கத் தொடங்கும் முன், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் படமெடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை, அல்லது நிறுவனம் அனுமதிக்கும் வரை, கெட்டுப்போன பொருளை எறிந்துவிடாதீர்கள்.

இவையெல்லாம் முடிந்ததும் ஒரு மாலை நேரத்தில் உங்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உட்காருங்கள். உங்கள் மனைவி அந்த உறையை எடுத்து, கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை அனுப்பி, காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துப் பாலிசி எண்ணைச் சொல்லட்டும். அவர் எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அதை மறுநாளே சரிசெய்துவிடுங்கள்.