பூட்ஸ் எப்படி வந்தது? (கடிதம்)

வணக்கம் சார்,

வார்சா தோழியுடன் சேர்ந்து ஒரு போலிஷ் சிறுகதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். என் அண்ணன் மகள் க்ராக்கோவில் எம்.எஸ். படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். 'ஸலாத்விச்' என்ற ஒரே வினைச்சொல் மூலத்தில் நான்கு இடத்தில் வருகிறதாம். நீங்கள் நான்கு இடத்திலும் வேறு வேறு ஆங்கிலச் சொல் போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மொழிபெயர்ப்பவரும் அப்படித்தானே சொல்லவேண்டும்? அந்தச் சொல்லின் உண்மையான பொருள்தான் என்ன? அகராதியில் பார்த்தால் தலை சுற்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

கே., கோவை

அன்புள்ள கே.,

மன்னிக்க ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு சில வரிகளைத் திருத்தியிருக்கிறோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. அந்தச் சொல்லில் வரும் எல் எழுத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும். கோடு விழுந்த எல்லை 'வ' என்று படிப்பார்கள். ஆகவே ஸவாத்ஃபிச். நம் கதை நடக்கும் ஊரை வரைபடத்தில் பார்த்துவிட்டு லோட்ஸ் என்போம், அங்கே போனால் அது வூச். ஸவாத்ஃபிச்சுக்குள் இருப்பது 'வாத்ஃபி' என்ற சொல், பொருள் 'எளிது'. எதுவுமே எளிதில் நடக்காத காலத்தில் இந்தச் சொல்தான் எல்லார் வாயிலும் இருந்தது.

கதையில் அது வரும் இடங்களைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அம்மா காலையில் 'ஒரு வேலை இருக்கு' என்று கிளம்புகிறாள். ஒருநாள் பிள்ளைக்குக் குளிர்கால பூட்ஸோடு வருகிறாள். அப்பா டெலிபோன் கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதில் வருகிறது. கடைசியில் மாமாவைப் பற்றிப் பெரியவர்கள் அடுக்களையில் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் பேசுகிறார்கள். நான்கிலும் இந்த வினைதான்.

உண்மையான பொருள் எது என்கிறீர்கள். அகராதி 'முடித்தல், ஏற்பாடு செய்தல், பெற்றுத்தருதல், தீர்த்துக்கட்டுதல்' என்று அடுக்கும். எதுவும் தவறில்லை. ஆனால் எங்களைப் படுத்தியது பொருள்களின் எண்ணிக்கை அல்ல. இந்த வினை, காரியம் ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லும். எப்படி ஆனது என்று வாயைத் திறக்காது.

எண்பதுகளின் போலந்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1976-ல் சர்க்கரைக்கு ரேஷன் கூப்பன், 1981-ல் இறைச்சிக்கும் கூப்பன். இறைச்சிக் கூப்பன் ஒழிய 1989 ஆனது. பலர் கையில் காசு இருந்தது, கடையில் சரக்கு இல்லை. சரக்கு வந்தால் 'ஜுச்சிலி' என்பார்கள், 'எறிந்தார்கள்' என்று அர்த்தம். இன்று ஹாம் எறிந்தார்கள், டாய்லெட் பேப்பர் எறிந்தார்கள். (இதை ஆங்கிலத்தில் கொண்டுவருவது வேறொரு வதை, அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.) இந்த நிலையில் ஒரு ஜோடி பூட்ஸ் வீட்டுக்கு வர எத்தனை வழி! கடைக்காரி தெரிந்தவளாக இருந்து கவுண்டருக்கு அடியில் எடுத்து வைத்திருக்கலாம். பெயர்ப் பட்டியல் போட்டு முறை வைத்து விடிய விடிய வரிசையில் நின்றிருக்கலாம். தனக்குப் பதிலாக நிற்க ஓய்வூதியக்காரர் ஒருவருக்குக் காசு கொடுத்திருக்கலாம். காப்பித்தூளுக்கு மாற்றியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பெயர் ஸவாத்ஃபிச். பையன் பூட்ஸைப் பார்க்கிறான், அம்மா அந்த ஒரு சொல்லைச் சொல்கிறாள், அவன் மேலே கேட்பதில்லை.

ஆங்கிலத்தில் வினையைத் தொட்டாலே வாக்குமூலம் ஆகிவிடுகிறது. 'பாட்' என்றால் காசு கொடுத்தாள். 'ப்ரைப்ட்' என்றால் லஞ்சம். 'வாங்கிள்ட்' என்றால் கொஞ்சம் குறுக்குப்புத்தி, கொஞ்சம் சிரிப்பு. 'அரேஞ்ச்ட்' சுத்தமாக இருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி. அவள் எதைச் சொல்லாமல் விட்டாளோ அதை நாங்கள் உளறிவிடக்கூடாது.

இது ஏதோ திருட்டுத்தனமான சொல் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1960-ல் வந்த போலந்து நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் விவகாரங்களைத் தேவையற்ற தாமதமின்றி முடிக்கவேண்டும் என்கிறது. விசாரணை தேவைப்பட்டால் ஒரு மாதம், சிக்கலானதென்றால் இரண்டு மாதம். அங்கே 'முடிக்க' என்பதற்கு இருப்பதும் இதே வினைதான். கவுண்டருக்கு மேலேயும் அதே சொல், கவுண்டருக்கு அடியிலும் அதே சொல்.

அப்பாவின் மனுவுக்கு வந்த பதில் அந்த மேல்தட்டு மொழி: 'ஸவாத்ஃபியோனோ ஒத்மோவ்னியே'. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'மறுப்பாக முடித்துவைக்கப்பட்டது'. கிடைக்காததும் ஒரு முடித்துவைப்புதான். 'மனுவை முடித்துவைத்து உத்தரவிட்டது நீதிமன்றம்' என்று செய்தித்தாளில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். நம் ஊர் ஆங்கிலத்தில் 'டிஸ்போஸ்ட் ஆஃப்' என்போமே, அதையே போட்டேன். தோழி ஒப்பவில்லை. லண்டனில் படிப்பவர் மனுவைக் குப்பையில் போட்டதாக நினைத்துக்கொள்வார் என்றாள். அப்பாவும் அப்படித்தானே நினைத்திருப்பார் என்றேன். அந்த வரி இன்னும் இழுபறியில் இருக்கிறது.

அண்ணன் மகள் கவனிக்காமல் விட்ட ஓர் இடம் உண்டு. போலிஷ் வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். நடந்துகொண்டிருப்பதற்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு ஒன்று. அம்மா மூன்று வாரம் 'ஸவாத்ஃபியாவா' (காரியம் நடந்துகொண்டிருந்தது), ஆனால் 'ஸவாத்ஃபிவா' (முடிந்தது) இல்லை. வேர் ஒன்றுதான், நடுவில் ஓர் எழுத்துதான் கூடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'முயன்றாள்' என்று ஒரு சொல்லைத் தனியாகக் கொண்டுவரவேண்டும். கொண்டுவந்ததும் அவள் தோற்றவளாகிவிடுகிறாள். மூலத்தில் அவள் தோற்கவில்லை, வேலையில் இருக்கிறாள். தமிழ் என்றால் 'மூணு வாரம் அலைஞ்சா, கிடைக்கல' என்று எழுதிவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன்.

இந்தச் சொல்லிடம் நானும் அடிபட்டவன். வார்சா போன புதிதில் ஓர் அலுவலக ஜன்னலில் நின்று, இங்கே ஒரு காரியம் முடிக்கவேண்டும் என்று பெருமையாகப் போலிஷில் சொன்னேன். கூடவே 'ஷெ' என்று ஒரு சின்ன ஒட்டைச் சேர்த்துவிட்டேன். அந்த ஒட்டு சேர்ந்தால் மலஜலம் கழிப்பது என்று பொருள். இங்கேயே கழிக்கவேண்டும் என்றிருக்கிறேன். அந்த அம்மாள் தலையைத் தூக்காமல், 'வராந்தா கடைசி, இடது பக்கம்' என்றாள்.

இனி திருத்திய இடம். மாமாவைப் பற்றி அடுக்களையில் சொல்வது 'ஸவாத்ஃபிலி'. அவனை முடித்துவிட்டார்கள். கொன்றுவிட்டார்களா, வேலையைப் பறித்தார்களா, எழுந்திருக்க முடியாமல் அடித்தார்களா என்று வாக்கியம் சொல்லாது, கதையும் சொல்லாது. நான் பூட்ஸுக்கு 'காட் ஹோல்ட் ஆஃப்' என்றும் மாமாவுக்கு 'ஃபினிஷ்ட்' என்றும் போட்டிருந்தேன். இரண்டும் தனித்தனியாகச் சரி. ஆனால் கதையைச் சொல்வது ஒன்பது வயதுப் பையன். பூட்ஸ் வந்த அன்று கேட்ட சொல் மாமா விஷயத்திலும் அவன் காதில் விழுகிறது. அவனுக்கு அதுதான் பயம். சொல்லை மாற்றி அந்தப் பயத்தை நான் துடைத்துவிட்டேன். உங்கள் அண்ணன் மகள் பிடித்தது இதைத்தான்.

இப்போது இரண்டு இடத்திலும் 'டேக் கேர் ஆஃப்'. அம்மா காலையில் கிளம்பும் வரியிலும் அதுவே. இயல்பாக இருக்கிறது, கொஞ்சம் வில்லங்கமாகவும் இருக்கிறது. 'அவரைக் கொஞ்சம் கவனிங்க' என்று நாம் சொல்லும்போது விருந்தா, கவரா, அடியா என்று சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம், அந்த மாதிரி. தோழிக்கு முழுத் திருப்தி இல்லை. மூலத்தில் இல்லாத ஓர் அன்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறாள். எனக்கும் அது உறுத்துகிறது, ஆனால் இதைவிடச் சிறந்தது கிடைக்கவில்லை.

மனு வரிக்கு ஏதாவது தோன்றினால் அண்ணன் மகளை எழுதச் சொல்லுங்கள். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.