சிறுநீரில் வந்து விழுந்த குழாய்த் துண்டு

கேள்வி: என் கணவருக்கு வயது 48. சிறுநீர்க்குழாயில் இருந்த கல்லை லேசர் மூலம் உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வலி நின்றுபோனதால் அவர் போகவில்லை. 14 மாதம் ஆகிவிட்டது. போன வாரம் சிறுநீரோடு சுருண்ட பிளாஸ்டிக் துண்டு ஒன்று வந்தது. "தானாகவே வந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரி எதற்கு?" என்கிறார். அப்படி விட்டுவிடலாமா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: விடக் கூடாது அம்மா. வந்தது ஒடிந்த துண்டு மட்டும்தான். ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பெரியவர்களுக்கு வைக்கும் 'டிஜே' வகை ஸ்டென்ட் வழக்கமாக 24 முதல் 26 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மேல்முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் சுருண்டு நிற்கும். சுருண்ட துண்டு வந்திருப்பதால் அது அநேகமாகக் கீழ்முனை. மீதி உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழாய்க்குக் கெடு உண்டு. வகையைப் பொறுத்து 3 மாதம், 6 மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடம். அதற்கு மேல் சிறுநீரிலேயே ஊறிக் கிடந்தால் பிளாஸ்டிக் நெகிழ்வை இழந்து, வெயிலில் காய்ந்த வாளி மாதிரி நொறுங்க ஆரம்பிக்கும். பக்கவாட்டில் சிறுநீர் வடிய ஓட்டைகள் இருக்கும் அல்லவா, பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். போதாததற்கு, சிறுநீரில் உள்ள உப்பு குழாயின் மேல் படிந்து கல்லாகிவிடும். ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வலி இல்லை என்று அவர் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். அடைப்பு மெதுவாக வந்தால் சிறுநீரகம் சத்தமே இல்லாமல் வீங்கி, செயல் இழந்துவிடும். அப்படி ஒரு பக்கச் சிறுநீரகத்தையே இழந்தவர்கள் உண்டு.

இந்த வாரமே சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் (யூராலஜிஸ்ட்) போங்கள். அந்தத் துண்டையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் எக்ஸ்ரேயில் தெரியும். எத்தனை துண்டு, எங்கெங்கே, எவ்வளவு கல் படிந்திருக்கிறது என்பதற்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும், கிருமி இருக்கிறதா என்று காட்டும் சிறுநீர் கல்ச்சரும் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. கிருமியோடு கை வைத்தால் அது ரத்தத்தில் ஏறிவிடும்.

சொன்ன நேரத்தில் போயிருந்தால் சில நிமிட வேலை. இப்போது கேமரா குழாயை உள்ளே விட்டு, லேசரால் கல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மேல்முனையில் பெரிய கல் பிடித்திருந்தால் முதுகுப் பக்கம் சிறு துளை போட வேண்டி வரலாம். ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். பலமாக இழுத்தால் சிறுநீர்க்குழாய் கிழியும் என்பதால் டாக்டர் அவசரப்பட மாட்டார், நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, நோயாளி நினைவு வைத்திருப்பார் என்று டாக்டர்களாகிய நாங்களும் இருந்துவிடுகிறோம்.

யூராலஜிஸ்ட்டைப் பார்ப்பதற்குள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விலாப்பக்கம் கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நடு ராத்திரி ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உள்ளே ஸ்டென்ட் துண்டு இருப்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.