ஹுர்காதா ஹோட்டல் மலிவுதான், ஏலச் சீட்டை இப்போது எடுத்தால் மலிவில்லை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், 10 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள், கூடவே 66 வயது மாமியார். ஈஸ்டர் விடுமுறைக்கு எகிப்தில் ஹுர்காதா போகலாம் என்று கணவர் ஒரு நான்கு நட்சத்திரக் கடற்கரை ஹோட்டலைப் பார்த்து வைத்திருக்கிறார். ஏழு இரவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு அறைக்கு 800 பவுண்டு, ஐந்து பேருக்கு விமான டிக்கெட் 1,480, ஆக 2,280. இதே தரத்தில் ஒரு சுற்றுலா நிறுவனம் விமானம், பெட்டி, ஏர்போர்ட் பஸ், ஹோட்டல் எல்லாவற்றையும் சேர்த்து 2,790 கேட்கிறது. வங்கியில் 1,900 பவுண்டு இருக்கிறது, மாதம் 400 மிச்சம் பிடிக்க முடியும். 20 பேர் சேர்ந்த 5,000 பவுண்டு ஏலச் சீட்டு ஒன்றில் இது ஐந்தாவது மாதம். 700 தள்ளி 4,300-க்குக் கேட்டால் இந்த மாதமே எடுத்துவிடலாம், அதில் போய்விட்டு வரலாம் என்கிறார். மாமியாருக்கு லக்சர் கோயில்களைப் பார்க்க ஆசை, அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. சீட்டை எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் ஹுர்காதா போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மாமியாரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஈஸ்டருக்குப் பதில் அக்டோபரில் ஹாஃப் டேர்ம் பள்ளி விடுமுறைக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த 2,280 என்ற எண்ணைப் பார்ப்போம். உங்கள் கணவர் சொல்லும் விமான டிக்கெட் கைப்பையோடு மட்டும் ஏறுவதற்கான விலையாகத்தான் இருக்கும். ஐந்து பேருக்கு மூன்று பெரிய பெட்டி வேண்டும், போக வர ஒரு பெட்டிக்கு 80 என்று வைத்தால் 240. ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்குப் போக வர ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் இடமுள்ள வண்டிக்கு ஒரு 40. ஆக 2,560 வந்துவிட்டது, சுற்றுலா நிறுவனத்தின் விலைக்கும் இதற்கும் வித்தியாசம் 230 தான். அந்த 230-ஐ நான் தயங்காமல் கொடுப்பேன். ஏனென்றால் விமானமும் ஹோட்டலும் ஒரே பேக்கேஜாக வாங்கினால் ஏட்டால் (ATOL) என்ற பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. 2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் ஒரே இரவில் மூழ்கியபோது வெளிநாட்டில் சிக்கியிருந்த ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் திரும்பக் கொண்டுவந்தது நினைவிருக்கும், இன்னும் பயணமே போகாதவர்களுக்கும் ஏட்டால் வழியாகப் பணம் திரும்பக் கிடைத்தது. தனித்தனியாக வாங்கியவர் நிலைமை வேறு. விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் வரும், ஹோட்டல்காரர் "அறை தயாராக இருக்கிறது, நீங்கள்தான் வரவில்லை" என்பார்.

பேக்கேஜ் வாங்கும்போது முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டி, அந்த மாதமே அடைத்துவிடுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றை அப்படி வாங்கினால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் அது பொருந்தும். இடைத்தரகர் இணையதளம் வழியாக வாங்கினால் இந்தச் சங்கிலி சில சமயம் அறுந்துபோகும், அதனால் நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள்.

சரி, இனி எந்த வழியில் போனாலும் வரும் செலவு. எகிப்து விசா பல வருடமாக ஆளுக்கு 25 டாலராக இருந்தது, பிள்ளைகளுக்கும் உண்டு, ஐந்து பேருக்கும் உத்தேசமாக 100 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள். (ஷார்ம் எல் ஷேக் போனால் 15 நாள் வரை சினாய் கடற்கரை ஊர்களுக்கு மட்டும் செல்லும் இலவச முத்திரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குக் கிடைக்கும், இந்த 100 மிச்சம். ஆனால் அதை வைத்துக்கொண்டு லக்சர் போக முடியாது, அங்கிருந்து லக்சர் தூரமும் அதிகம். மாமியார் ஆசைக்கு ஹுர்காதாதான் சரி.) பயணக் காப்பீடு குடும்பத்துக்கு 150, அதில் பெரும்பங்கு மாமியாருடையது. டிப்ஸ் 70. கிஃப்தூன் தீவுக்கு ஐந்து பேரும் படகில் போய் வர 140. லக்சருக்கு நீங்களும் மாமியாரும் மட்டும் போனால் 140. கைச்செலவு 100. கூட்டினால் 700. இவை உத்தேசம்தான், ஆனால் குறைத்துப் போட்ட உத்தேசமில்லை.

பேக்கேஜ் 2,790, மேல் செலவு 700, ஆக 3,490. சீட்டில் தள்ளும் 700-ஐயும் சேர்த்தால் 4,190.

அந்தக் கடைசி 700-ஐத்தான் யாரும் விடுமுறைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நம் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. சீட்டு நம் பணம்தானே, கடன் இல்லையே என்ற எண்ணம். ஐந்தாவது மாதத்தில் நீங்கள் எடுக்கும் 4,300-ல் நீங்கள் கட்டியது 1,250-க்கும் குறைவு, மீதி மற்றவர்கள் பணம். அதற்குப் பிறகு 15 மாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் யாருக்காவது வேலை போனாலும் கட்டத்தான் வேண்டும். 700 என்பது அந்தக் கடனுக்கான வட்டி. நீங்கள் எடுக்காமல் இருந்தால், வேறொருவர் தள்ளும் அதே 700 இருபது பேருக்கும் பிரிந்து உங்கள் தவணையில் 35 குறையும். வீடு ஒழுகினால், ஊரில் யாருக்கும் அவசரம் என்றால் தள்ளி எடுக்கலாம், சீட்டு அதற்குத்தான் இருக்கிறது. நீச்சல் குளத்துக்காக எடுக்காதீர்கள்.

அக்டோபர் கணக்கு இப்படி வரும். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை எட்டு மாதம், மாதம் 400, ஆக 3,200. சீட்டில் மாதம் சராசரி 30 குறைகிறது என்று வைத்தால் 240. மொத்தம் 3,440, தேவை 3,490, ஐம்பது பவுண்டுதான் குறை. பேக்கேஜின் மீதிப் பணத்தைப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் முன்பே கட்டச் சொல்வார்கள், ஆகஸ்ட் தொடக்கத்தில் உங்களிடம் 2,580 தான் இருக்கும். அந்த 210-ஐ மட்டும் வங்கியில் இருக்கும் 1,900-லிருந்து எடுத்து ஆகஸ்ட் சம்பளத்தில் திருப்பி வைத்துவிடுங்கள். மற்றபடி அந்தப் பணத்தைத் தொடவே வேண்டாம், இரண்டு சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு 1,900 என்பதே குறைவான கைகாவல். அக்டோபர் ஹாஃப் டேர்மும் மலிவான வாரம் கிடையாது, செங்கடலுக்கு நல்ல பருவம் அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எட்டு மாதம் முன்னால் தேடினால் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அங்கே தங்கிப் பட்டிருக்கிறேன். நானும் ஒரு முறை ஹுர்காதாவில் விலை குறைந்த நான்கு நட்சத்திரம் ஒன்றில் குடும்பத்தோடு தங்கினேன். "கடற்கரை ஹோட்டல்" என்று போட்டிருந்தது, கடற்கரை இருந்தது பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். அறையில் வைஃபைக்குத் தனிக் காசு, லாக்கருக்குத் தனிக் காசு, எங்கள் அறை சமையலறைப் புகைபோக்கிக்கு நேர் கீழே. எல்லாம் சேர்த்து என்று சொன்ன கைப்பட்டையில் உள்ளூர் பானங்கள் அடங்கும், தனி மெனு உணவகம் அடங்காது. இப்படிப்பட்ட கூடுதல் பில்லில் 12 சதவீதம் சேவைக் கட்டணமும் 14 சதவீதம் வாட் வரியும் ஏறும், மெனுவில் 100 என்று போட்டிருப்பது பில்லில் 127 பக்கம் வந்து நிற்கும். அதனால் வாங்கும் முன் நான்கு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கடற்கரை ஹோட்டலை ஒட்டி இருக்கிறதா, பாட்டில் தண்ணீர் சேர்த்தியா, மாமியாருக்குத் தரைத்தளமோ லிஃப்ட் பக்கத்து அறையோ கிடைக்குமா, குளம் சூடாக்கப்படுகிறதா. கடைசிக் கேள்வி அக்டோபரில் தேவைப்படாது. விலையைப் பார்த்து ஜனவரிக்கு மாறிவிட்டால் தேவைப்படும், அப்போது காற்று அடிக்கும், கடல் 22 டிகிரி பக்கம்தான் இருக்கும், பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கரையேறிவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய பஃபேயில் ஐரோப்பியச் சாப்பாடு சுமாராக இருந்தாலும் எகிப்தியச் சாப்பாடு வைத்திருக்கும் மூலை நன்றாக இருக்கும். ஃபுல் என்னும் மொச்சை, தாமேயா என்னும் பருப்பு வடை மாதிரி ஒன்று, சுடச்சுட ரொட்டி. மாமியார் சைவம் என்றாலும் பட்டினி கிடக்க மாட்டார்.

எகிப்துப் பணம் விழுந்துவிட்டது, எல்லாம் பாதி விலை என்று யாராவது சொன்னால் அதைப் பாதிதான் நம்புங்கள். 2024 மார்ச் 6 அன்று மத்திய வங்கி நாணய மதிப்பின் மேலிருந்த பிடியை விட்டதும் டாலருக்கு 31 ஆக இருந்த எகிப்திய பவுண்டு ஒரே நாளில் 50 பக்கம் போனது உண்மை. ஆனால் கடற்கரை ஹோட்டல்கள் விலை போடுவது டாலரிலும் யூரோவிலும். ஹோட்டல் வாசலுக்கு வெளியே, எல் தஹார் என்னும் பழைய ஊர்ப்பகுதியில் சோறும் பருப்பும் கலந்த கொஷாரி சாப்பிடவும் பழம் வாங்கவும் போனால்தான் அந்த மலிவு உங்கள் கைக்கு வரும். ஏடிஎம்மில் எடுக்கும்போது பிரிட்டிஷ் பவுண்டில் கணக்கிடவா என்று திரை கேட்கும், வேண்டாம் என்று அழுத்தி எகிப்துப் பணத்திலேயே எடுங்கள்.

காப்பீட்டைப் பேக்கேஜ் வாங்கும் அதே நாளில் வாங்குங்கள், கிளம்பும் வாரத்தில் அல்ல. நடுவில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய் ரத்து செய்ய வேண்டி வந்தால் அப்போதுதான் பணம் கிடைக்கும். ஐரோப்பாவுக்கு எடுத்துப்போகும் என்எச்எஸ் சுகாதார அட்டை எகிப்தில் செல்லாது, தனியார் மருத்துவமனைகள் முதலில் பணம் கட்டச் சொல்லும். சர்க்கரை, அழுத்தம், கடந்த காலத்தில் எடுத்த சோதனைகள் எல்லாவற்றையும் படிவத்தில் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பிரீமியத்தில் 40 பவுண்டு மிச்சம் பிடிக்கச் சர்க்கரையை மறைத்தவர் அங்கே மூன்று நாள் படுத்தால் பல ஆயிரம் பில் வரும், காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். அப்புறம் மாமியாரின் மாத்திரைப் பையை நீங்களே ஒரு முறை பாருங்கள். மூட்டு வலிக்கு இங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கும் ட்ரமடால் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, 2017-ல் அதைக் கொண்டுபோய் ஹுர்காதா விமான நிலையத்தில் பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

லக்சர் பற்றி. ஹுர்காதாவிலிருந்து பஸ்ஸில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரம், விடிவதற்கு முன் கிளம்பி இரவு திரும்ப வேண்டும். கர்நாக் கோயில், நைல் தாண்டி மன்னர் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுத் கோயில் என்று ஒரே நாளில் ஓட்டுவார்கள், வெயில் அக்டோபரிலும் கடுமை. 66 வயதில் முடியும், ஆனால் மறுநாள் முழுக்க ஓய்வு வைத்துக்கொள்ளுங்கள், பயணத்தின் இரண்டாவது மூன்றாவது நாளிலேயே முடித்துவிடுங்கள். போய் இறங்கியதும் ஹோட்டலில் நடக்கும் வரவேற்புக் கூட்டத்தில் எல்லாச் சுற்றுலாவையும் அங்கேயே விற்கப் பார்ப்பார்கள், அன்று எதற்கும் பணம் கட்டாதீர்கள், ஒரு நாள் விசாரியுங்கள். படகுக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும். லக்சருக்கு மட்டும் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் சுற்றுலா நிறுவனத்தின் பஸ்ஸிலேயே போங்கள், அவ்வளவு தூரப் பாலைவனச் சாலைக்கு முகம் தெரியாத வண்டி வேண்டாம்.

லக்சர் அவரால் முடியாது என்று பட்டால் ஹுர்காதாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் குசேர் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது, அரை நாளில் போய் வரலாம். அதற்குப் பக்கத்தில் குசேர் அல் காதிம் என்ற இடத்தில்தான் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் "பானை ஒறி" என்று எழுதியிருந்ததைக் கண்டெடுத்தார்கள், கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார். உறியில் தொங்கிய பானை. அங்கே போனால் பார்க்க மண்மேடுதான் இருக்கும், ஆனாலும் உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், லக்சரை விட அங்கே போக வேண்டும் என்று அவர் சொன்னாலும் சொல்வார்.

டிப்ஸுக்கு வைத்த 70-ஐக் குறைக்காதீர்கள். அறை துடைப்பவர், சாப்பாட்டு மேசைக்காரர் பலர் தெற்கு எகிப்து ஊர்களிலிருந்து குடும்பத்தை விட்டு வந்து ஊழியர் குடியிருப்பில் தங்கி வேலை செய்பவர்கள், உங்கள் பேக்கேஜ் விலை இவ்வளவு குறைவாக இருப்பதற்கு அவர்கள் சம்பளமும் ஒரு காரணம். ஒரு பவுண்டு நாணயங்களாகக் கொடுக்காதீர்கள், அங்கே வெளிநாட்டு நாணயத்தை வங்கியில் மாற்ற முடியாது. சேர்த்து வைத்த நாணயங்களைக் கையில் ஏந்திக்கொண்டு, இதற்கு ஒரு நோட்டு தருவீர்களா என்று என்னிடம் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏடிஎம்மில் எடுத்ததும் வரவேற்பில் 20, 50 எகிப்திய பவுண்டு நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொண்டு, கடைசி நாளில் மொத்தமாகக் கொடுக்காமல் முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.