வீசையும் விசையும்: வேதியியல் கேள்வி-பதில்

இந்தத் தடவை பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண் இருக்கிறது, அலகு இல்லை. அவற்றைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டேன். மீதியிலிருந்து சில.

தவுன்ஜியிலிருந்து ஒரு மாணவர்: தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்கிறது புத்தகம். என் வெப்பமானி 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. எது பொய்?

இரண்டும் மெய். தம்பி, ஊர்ப் பெயரைக் கையெழுத்துக்கும் கீழே ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் முதல் வரியில் வரவேண்டியது அதுதான். தவுன்ஜி கடல்மட்டத்திலிருந்து 1400 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கொதிநிலை இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 95 வரும். புத்தகத்தின் 100, கடல்மட்டத்து எண். ரங்கூனில் சொன்னபடி வேகும் கொண்டைக்கடலை உங்கள் வீட்டில் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

பெகு மாணவி: காற்று பருப்பொருளா? நெருப்பு?

காற்றுக்கு நிறை உண்டு, இடத்தை அடைக்கும்; ஆகவே பருப்பொருள். ஒரு லிட்டர் காற்று ஒரு கிராமுக்குச் சற்று மேல். நெருப்பில் சூடான வாயுவும் கரித்துகளும் பருப்பொருள். ஒளியும் வெப்பமும் அல்ல.

மாந்தலே: தங்க ரேக்கை அவ்வளவு மெல்லியதாக அடித்த பிறகும் அது தங்கம்தானா?

தங்கமேதான். உங்கள் ஊர்த் தட்டார்கள் மூங்கில் காகிதத்துக்கு நடுவே வைத்து மணிக்கணக்கில் சுத்தியலால் அடிப்பது வடிவத்தைத்தான் மாற்றுகிறது, பொருளை அல்ல. பொதுவாகத் தங்க ரேக்கின் தடிமன் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு. அதாவது முந்நூறு, நானூறு அணு அடுக்கு. அப்போதும் உருகுநிலை 1064 டிகிரி, அப்போதும் துருப்பிடிக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடே வரும் ஒளி பச்சையாகத் தெரியும். அடுத்த முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு தகப்பனார், மோகோக்: சிவப்பாக இருந்தால் கெம்பு (மாணிக்கம்) என்று மகன் சொல்கிறான். சரியா?

ஐயா, கெம்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! நிறத்தை நம்பாதீர்கள். கெம்பு அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் சேர்ந்து சிவப்பாகிறது. உங்கள் ஊரிலேயே கிடைக்கும் ஸ்பினல் என்ற கல்லும் அதே குரோமியத்தால் சிவக்கிறது, ஆனால் அதில் மக்னீசியமும் உண்டு, வேறு சேர்மம். பிரிட்டிஷ் மகுடத்தில் 'கறுப்பு இளவரசரின் கெம்பு' என்று பேர்பெற்ற கல்லே ஸ்பினல்தான்.

அடர்த்தியைப் பாருங்கள். கல்லைக் காற்றில் நிறுங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி நிறுங்கள். காற்றில் நின்ற அளவைத் தண்ணீரில் குறைந்த அளவால் வகுத்தால் அடர்த்தி வரும், கனசென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று. 2 கிராம் கல் தண்ணீரில் அரை கிராம் குறைந்தால் அடர்த்தி 4, கெம்பாக இருக்கலாம். 0.55 குறைந்தால் 3.6, ஸ்பினல். 0.8 குறைந்தால் சாதாரணக் கண்ணாடி. "இருக்கலாம்" என்றேன், கவனியுங்கள். ஈயம் ஏற்றிய கண்ணாடி 4-ஐத் தொடும். ஆலையில் வளர்த்த கெம்புக்கும் அதே அடர்த்திதான், ஏனென்றால் அதுவும் அதே பொருள். ஒரே ஒரு பண்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

தட்டோன் மாணவர்: தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'நிறை', மாமா கொண்டுவந்த இலங்கைப் புத்தகத்திலும் 'நிறை'. ஆனால் பொருள் வேறாக இருக்கிறதே?

வாருங்கள், இந்தக் கேள்விக்காகத்தான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். தமிழ்நாட்டில் நிறை என்றால் பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு. பூமி அதை இழுப்பது எடை. இலங்கையில் முதலாவது திணிவு, இரண்டாவதுதான் நிறை. ஒரே சொல்லுக்கு இரு கரையில் இரு பொருள். நம் பிள்ளைகள் பகலில் பர்மியும் ஆங்கிலமும் படித்துவிட்டு, மாலையில் எந்தக் கப்பலில் வந்த புத்தகம் கிடைக்கிறதோ அதைப் படிக்கிறார்கள். குழம்பாமல் என்ன செய்வார்கள்?

போதாததற்கு நம் சந்தை வேறு. இங்கே பருப்பும் வெங்காயமும் இன்றும் வீசைக் கணக்கு. ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதியது நம் தமிழ் வீசையைத்தான். பர்மா வீசை 1.6 கிலோ, தமிழ்நாட்டில் தாத்தாக்கள் நிறுத்த வீசை 1.4 கிலோ. இந்த வீசை நிறையின் அலகு. இயற்பியல் புத்தகத்தின் விசை, குறில் விசை, தள்ளுவதும் இழுப்பதும். அதன் அலகு நியூட்டன். என் மாணவன் ஒருவன் பரீட்சையில் "விசை = 5" என்று எழுதிவிட்டு, "ஐந்து வீசைதானே சார்" என்று என்னோடு வாதாடினான். பூஜ்யம் போட்டேன். வீட்டில் போய் அழுதானாம். இப்போதும் அந்தப் பூஜ்யத்தை மாற்ற மாட்டேன்.

ஒரு வீசை வெங்காயத்தின் நிறை 1.6 கிலோ. அதன் எடை சுமார் 16 நியூட்டன். நிலாவுக்குக் கொண்டுபோனால் நிறை அதே 1.6 கிலோ, எடை ஆறில் ஒன்று, 2.7 நியூட்டன். சந்தைத் தட்டுத் தராசு படிக்கல்லோடு ஒப்பிடுவதால் நிலாவிலும் ஒரு வீசை என்றே காட்டும். சுருள்வில் தராசு ஏமாற்றிவிடும். உங்கள் புத்தகம் எதுவோ, அதன் சொல்லையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். அலகை மட்டும் விடாதீர்கள். அலகு இருந்தால் சொல் தப்பினாலும் நான் புரிந்துகொள்வேன்.

பக்கான் பக்கத்திலிருந்து: பதநீர் வெல்லமாவது இயற்பியல் மாற்றமா, வேதி மாற்றமா? ஒரே சொல்லில் பதில் தரவும்.

தரமாட்டேன். நீர் ஆவியாவது இயற்பியல். அடியில் சர்க்கரை பழுப்பேறி மணம் மாறுவது வேதி. இறக்கிய பதநீரை அடுப்பேற்ற மறந்து அது புளித்தால், அதுவும் வேதி.

மோல்மீன்: மோதிரத்தைப் பாதரசத்தில் போட்டு, மூழ்கினால் தங்கம் என்று முடிவு செய்யலாமா?

கணக்கு சரி: அடர்த்தி, கனசென்டிமீட்டருக்குப் பாதரசம் 13.6 கிராம்; தங்கம் 19.3 கிராம், மூழ்கும்; இரும்பு 7.9 கிராம், மிதக்கும். வேலை முழுத் தப்பு. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து மோதிரத்தை வெள்ளையாக்கிவிடும், அதன் ஆவி நச்சு. மறுபடியும் சொல்கிறேன்: பாதரசத்தைத் தொடாதே, உருட்டி விளையாடாதே, உடைந்த வெப்பமானியைத் துடைப்பத்தால் கூட்டாதே.

அதே ஊர், வேறொருவர்: கரைசலில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆசிரியர் திட்டினார்.

நானும் திட்டுகிறேன். சாம்பாருக்கு நாக்கு, ஆய்வகத்தில் ஆவியாக்கும் கிண்ணம். நீர் போனதும் உப்பு கிண்ணத்தில் நிற்கும்.

பெயர், ஊர் இல்லாமல்: அடர்த்தி 8 வந்தது. என்ன உலோகம்?

8 என்ன?