12 புள்ளி முன்னிலை போதுமா? – வாசகர் கேள்வி பதில்

ஃபார்முலா ஒன் சீசனின் கடைசிப் பந்தயம் வரை உலகப் பட்டம் யாருக்கு என்று தெரியாமல் போகும் ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட பந்தயங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 2025 அபுதாபியில் பந்தயத்தை வென்றது வெர்ஸ்டப்பன். பட்டம் மட்டும் மூன்றாவதாக வந்த நாரிஸுக்கு. இந்தக் கணக்கைப் பந்தயத்துக்கு முன்பே நாமே போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். முதல் 10 இடங்களுக்கான புள்ளிகள் மனப்பாடமாக இருந்தால் போதும்: 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. அதிவேகச் சுற்றுக்குக் கொடுத்து வந்த கூடுதல் ஒரு புள்ளியை 2025-லிருந்து எடுத்துவிட்டார்கள்.

அபுதாபிக்கு வரும்போது லாண்டோ நாரிஸ் 408, மேக்ஸ் வெர்ஸ்டப்பன் 396, ஆஸ்கார் பியாஸ்ட்ரி 392. துரத்துகிறவர் ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு கணக்கை ஆரம்பியுங்கள். வெர்ஸ்டப்பன் வென்றால் 421. நாரிஸ் மூன்றாவதாக வந்தால் 423, நான்காவதாக வந்தால் 420. ஆக, மூன்றாம் இடம் வேண்டும், நான்காம் இடம் உதவாது. நடந்ததும் அதுதான். 423-க்கு 421 என்று இரண்டே புள்ளியில் பட்டம் நாரிஸுக்கு வந்தது.

மூன்றாவது ஆள் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெர்ஸ்டப்பன் மூன்றாவதாக வந்திருந்தால் அவருக்கு 411தான். அவரை மட்டும் பார்த்தால் நாரிஸுக்கு எட்டாம் இடமே போதும், 412 ஆகிவிடும். ஆனால் அதே பந்தயத்தைப் பியாஸ்ட்ரி வென்றிருந்தால் அவருக்கு 417. அப்போது நாரிஸ் ஐந்தாவதாகவாவது வந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு போட்டியாளருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எது கடினமோ அதையே இலக்காக வையுங்கள்.

புள்ளி சமமானால் சீசனில் அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம். அதுவும் சமம் என்றால் இரண்டாம் இடங்களை எண்ணுவார்கள், பிறகு மூன்றாம் இடங்கள். ஹாமில்டனும் மாஸாவும் பட்டத்துக்கு மோதிய 2008 பிரேசில் பந்தயத்தில் இந்த விதி கடைசி வளைவு வரை வந்து நின்றது. அன்றைய முறையில் வெற்றிக்கு 10 புள்ளி. மாஸா வென்று 97-க்குப் போய்விட்டார். ஹாமில்டன் ஆறாவதாக முடித்திருந்தால் அவருக்கும் 97. ஆனால் மாஸாவுக்கு 6 வெற்றி, ஹாமில்டனுக்கு 5. ஈரமான பாதையில் உலர் டயரோடு தடுமாறிக்கொண்டிருந்த டிமோ க்ளாக்கைக் கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் தாண்டி ஐந்தாவதாக வந்ததால்தான் ஹாமில்டன் 98 ஆனார்.

கேள்வி: முன்னிலையில் இருப்பவர் யாரைக் கண்காணிக்க வேண்டும்? பக்கத்தில் இருக்கும் போட்டியாளரையா?

ஆளைப் பார்க்கக் கூடாது, தனக்குத் தேவையான இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2010 அபுதாபியைப் போல இதைக் காட்டும் பந்தயம் வேறில்லை.

அன்று நான்கு பேருக்கு வாய்ப்பு இருந்தது: அலோன்சோ 246, வெப்பர் 238, வெட்டல் 231, ஹாமில்டன் 222. வெட்டல் வென்றால் அலோன்சோவுக்கு நான்காம் இடம் தேவை. முதல் சுற்றிலேயே ஒரு மோதல் நடந்து, எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தது. பின்வரிசையில் இருந்த சிலர், ரெனோ அணியின் பெட்ரோவ் உட்பட, அப்போதே டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய்க் கட்டாய டயர் மாற்றத்தை முடித்துக்கொண்டார்கள். இனி அவர்கள் கடைசி வரை நிற்கத் தேவையில்லை.

11-வது சுற்றில் வெப்பர் பிட்டுக்கு வந்தார். அலோன்சோவின் ஃபெராரி அணியின் கண் முழுக்க வெப்பர் மேல். அவர் முந்திவிடக் கூடாதே என்று 15-வது சுற்றில் அலோன்சோவையும் உள்ளே அழைத்தார்கள். வெப்பரை அடக்கியது என்னவோ உண்மை. ஆனால் அலோன்சோ வெளியே வந்து விழுந்தது பெட்ரோவுக்குப் பின்னால். ரெனோ கார் நேர்பாதையில் வேகமானது. மிச்சமிருந்த 40 சுற்றும் அவரைத் தாண்ட முடியாமல் அலோன்சோ ஏழாவதாக முடித்தார். வெட்டல் 256, அலோன்சோ 252. அந்த ஆண்டு முழுக்க ஒருமுறைகூடப் பட்டியலில் முதலிடத்துக்கு வராத வெட்டல், வர வேண்டிய நாளில் வந்துவிட்டார்.

பிட்டுக்கு அழைக்கும் முன் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான். அபுதாபியின் பந்தயத் தடமான யாஸ் மரீனாவில் சாதாரண வேகத்தில் பந்தயம் போகும்போது ஒரு டயர் மாற்றத்துக்குச் சுமார் 22 விநாடி இழப்பு. உங்கள் காருக்கு 22 விநாடி பின்னால் யார் இருக்கிறார், அவர் ஏற்கெனவே டயர் மாற்றிவிட்டாரா? டயர் மாற்ற வேண்டியவர் என்றால் தானாக விலகிவிடுவார், கவலையில்லை. மாற்றி முடித்தவர் என்றால், அவர் கார் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் சுவர்தான். தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும்போதும் திரையின் இடப்பக்கப் பட்டியலில் இதையே தேடுங்கள்.

கேள்வி: 2021 அபுதாபியில் ஹாமில்டன் ஏன் புது டயர் போடவில்லை? பலமுறை பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அன்று ஹாமில்டன், வெர்ஸ்டப்பன் இருவருக்கும் சரிசமமாக 369.5 புள்ளி. மொத்தம் 58 சுற்று. 53-வது சுற்றில் லட்டிஃபி 14-வது வளைவில் சுவரில் மோதினார். அப்போது ஹாமில்டன் முதலிடம், வெர்ஸ்டப்பன் பதினோரு விநாடி சொச்சம் பின்னால். ஹாமில்டன் காரில் 14-வது சுற்றில் மாட்டிய, மெதுவாகத் தேயும் ஹார்ட் டயர்.

சேஃப்டி கார் வந்தால் எல்லாரும் மெதுவாக ஓடுவதால் பிட் இழப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆனாலும் ஹாமில்டன் உள்ளே போனால் வெர்ஸ்டப்பன் வெளியிலேயே நின்று முதலிடத்தைப் பறித்துக்கொள்வார். பிறகு சேஃப்டி காருக்குப் பின்னாலேயே பந்தயம் முடிந்தால் பட்டம் போயிற்று. வெர்ஸ்டப்பனுக்கு அந்தப் பயம் இல்லை. அவருக்குப் பின்னால் வேண்டிய இடைவெளி இருந்தது, பிட்டுக்குப் போய் வந்தாலும் அவர் இரண்டாவதுதான். முன்னால் இருப்பவர் முதலில் முடிவெடுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து எதிர்மாறாகச் செய்யலாம். முன்னிலையில் ஓடுகிறவருக்கு சேஃப்டி கார் தரும் தண்டனை இதுதான். ஹாமில்டனின் மெர்சிடஸ் அணி எடுத்த முடிவு அன்றைய விதிப் புத்தகத்தின்படி சரியானது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. இருவருக்கும் நடுவே ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்கள் ஐந்து இருந்தன. அவற்றை மட்டும் முந்திப்போகச் சொன்ன பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி, வேறு மூன்று பின்தங்கிய கார்களை அப்படியே விட்டார். அதோடு, கடைசிக் கார் முந்திப் போன பின் இன்னொரு முழுச் சுற்று சேஃப்டி கார் ஓட வேண்டும் என்ற விதியும் பின்பற்றப்படவில்லை. கடைசி ஒரே ஒரு சுற்று பந்தயம் நடந்தது. நாற்பது சுற்றுக்கு மேல் ஓடிய ஹார்ட் டயருக்கு எதிராக, வெர்ஸ்டப்பன் பிட்டுக்குப் போய் மாட்டி வந்த, பிடிப்பு அதிகமான புது சாஃப்ட் டயர். ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டப்பன் உள்பக்கமாக நுழைந்து முந்தினார்.

மெர்சிடஸ் கொடுத்த இரண்டு முறையீடுகளும் அன்றிரவே தள்ளுபடியாயின. 2022-ல் வந்த, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அறிக்கை இதை மனிதத் தவறு என்றது, முடிவை மாற்றவில்லை. மாசி பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். விதியில் பின்தங்கிய 'எந்தக் கார்களும்' என்று இருந்த இடம் 'எல்லாக் கார்களும்' என்று திருத்தப்பட்டது. ஒரு சொல்லின் இடைவெளியில் ஓர் உலகப் பட்டம் நழுவியது இன்னும் மனதை உறுத்துகிறது.

கேள்வி: முதலிடத்தில் ஓடுகிறவர் வேண்டுமென்றே மெதுவாகப் போவாராமே?

2016 அபுதாபியைக் கேட்கிறீர்கள். ரோஸ்பெர்க் 367, ஹாமில்டன் 355. இங்கும் அதே 12 புள்ளி இடைவெளி. ஹாமில்டன் வென்றாலும் ரோஸ்பெர்க் முதல் மூவரில் வந்துவிட்டால் பட்டம் அவருக்கே. எனவே ரோஸ்பெர்க்கைப் பின்னால் வருகிறவர்களிடம் பிடித்துக் கொடுப்பதுதான் ஹாமில்டனுக்கு இருந்த ஒரே வழி.

இதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது. நேர்பாதையில் மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவர் உங்களையே தாண்டிவிடுவார். அதனால் நெருக்கமான வளைவுகள் அடுக்காக வரும் கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறைத்து, நேர்பாதைக்குள் நுழையும்போது முழு வேகம் எடுப்பார்கள். ஒட்டிக்கொண்டு வரும் காருக்குக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். கீழ்நோக்கு அழுத்தம் குறைந்து, முன் டயர்கள் வழுக்கிச் சூடேறும். அணி வேகம் கூட்டச் சொல்லியும் ஹாமில்டன் கேட்கவில்லை. ஹாமில்டன், ரோஸ்பெர்க், வெட்டல், வெர்ஸ்டப்பன் நால்வரும் 2 விநாடிக்குள் கோட்டைக் கடந்தார்கள். ரோஸ்பெர்க் அசையவில்லை. 385-க்கு 380.

கேள்வி: வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வேகமாக இருக்கும் கார் ஞாயிறு ஏன் தடுமாறுகிறது?

எந்தப் பயிற்சி என்று பாருங்கள். அபுதாபியில் பந்தயம் மாலையில் தொடங்கி இருட்டில் முடியும். முதல், மூன்றாவது பயிற்சிகள் வெயிலில் நடக்கின்றன. அந்தச் சூட்டில் பின் டயர்தான் முதலில் தளரும். சூரியன் இறங்கிப் பாதை குளிர்ந்ததும் பின்பக்கப் பிடிப்பு கூடும், முன்பக்கம் வளைய மறுக்கும். முன் டயர் சூடேறாமல் வழுக்கினால் ரப்பர் மேலே சுருண்டு மணி மணியாக ஒட்டிக்கொள்ளும், பிடிப்பு இன்னும் குறையும். எனவே இரண்டாவது பயிற்சியில், அதுவும் நிறைய எரிபொருளோடு தொடர்ந்து ஓடும் சுற்றுகளின் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: கோட்டைக் கடந்துவிட்டால் பட்டம் உறுதிதானே?

இல்லை. பந்தயம் முடிந்ததும் காரைச் சோதிப்பார்கள். காரின் அடியில் பொருத்தும் பலகை 10 மி.மீ. தடிமனோடு தொடங்கி, தேய்ந்த பிறகும் குறிப்பிட்ட இடங்களில் 9 மி.மீ. இருக்க வேண்டும். சோதனைக்கு ஒரு லிட்டர் எரிபொருள் எடுத்துத் தர வேண்டும். 2021 ஹங்கேரியில் இரண்டாவதாக வந்த வெட்டல், அந்த ஒரு லிட்டர் தர முடியாமல் தகுதி இழந்தார்.

2025 லாஸ் வேகஸில் இரண்டாவதாக வந்த நாரிஸும், சக மெக்லாரன் ஓட்டுநர் பியாஸ்ட்ரியும் பலகை தேய்ந்ததால் நீக்கப்பட்டார்கள். நாரிஸுக்கு மட்டும் 18 புள்ளி இழப்பு. கார் தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அழுத்தம், அவ்வளவு வேகம். அதனால் மில்லிமீட்டர் கணக்கில் தாழ்த்துவார்கள். அன்று எதிர்பாராத துள்ளலில் பலகை தரையில் உரசிக்கொண்டே இருந்தது. மூன்றாம் இடமே போதும் என்ற நிலையில் இருக்கும் அணி, சுற்றுக்குச் சிறிது நேரம் இழந்தாலும் பரவாயில்லை என்று காரைச் சற்று உயர்த்தி ஓட்டுவதே புத்தி.

கேள்வி: கடைசிப் பந்தயத்துக்குப் புது இன்ஜின் மாட்டினால் என்ன?

2025 விதிப்படி சீசனுக்கு 4 இன்ஜின். அதற்கு மேல் போனால் தொடக்க வரிசையில் தண்டனை. எனவே தேவைப்பட்டால் முந்துவதற்கு வசதியான தடத்தில் முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். 2021 பிரேசிலில் ஹாமில்டன் அப்படித்தான் மாற்றி 5 இடம் பின்தள்ளப்பட்டார், பத்தாவதாகத் தொடங்கியும் வென்றார்.

கேள்வி: மொத்தப் புள்ளி அதிகம் எடுத்தவர் பட்டத்தை இழந்தது உண்டா?

உண்டு, 1988-ல். 16 பந்தயங்களில் சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணும் முறை அப்போது இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் ப்ரோஸ்ட் 105, சென்னா 94. எண்ணியது சென்னாவுக்கு 90, ப்ரோஸ்டுக்கு 87. 1991 முதல் எல்லா முடிவுகளையும் எண்ணுகிறார்கள்.