வாடகை ஃபிளாட்டுக்கு எந்த டிரையர்?

துணி உலர்த்த டிரையர் வாங்க வேண்டும், ஆனால் லண்டனில் இரண்டாம் மாடி, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார் என்கிறீர்கள். அப்படியென்றால் ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வென்டட் டிரையர் சரிவராது. அதன் குழாயைச் சன்னல் வழியே நீட்டலாம்தான். ஜனவரிக் குளிரில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? அறைக்குள்ளேயே விட்டாலோ ஈரமெல்லாம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டென்சர் டிரையர்தான் வாங்குங்கள். கையில் காசு இருந்தால் அதிலேயே, வெப்பத்தை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை. துணி காய நேரமாகும், ஆனால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் இழுக்கும். தண்ணீர்த் தொட்டியை ஒவ்வொரு முறையும் கொட்ட அலுப்பாக இருந்தால், வாஷிங் மெஷின் கழிவுக்குழாயோடு இணைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள்.

அப்புறம், பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்துவிடுங்கள். அடைத்துக்கொண்டால் துணியும் காயாது, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.